கணினிக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்த கதை

மதுரைக்காரர்களுக்கு மூன்று மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை. தேனி ரோட்டில் நாகமலை. திருப்பரங்குன்றம் போகிற வழியில் பசுமலை. மூன்றுக்கும் திருவிளையாடற் புராணத்தில் ஒவ்வொரு கதை இருக்கிறது. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும் மலையாகிப் போயின என்று. கதை எப்படியோ போகட்டும், பெயர் வைத்தவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். பாறைக்குத் தும்பிக்கை கிடையாது, கால் கிடையாது, கண் கிடையாது. வானத்துக்கும் பாறைக்கும் நடுவில் ஓடுகிற ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டை மட்டும் வைத்து "படுத்திருக்கிற யானை" என்று ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது. (பசுமலைக்குக் கொஞ்சம் கூடுதல் கற்பனை வேண்டும், அது வேறு விஷயம்.)

வெறும் வெளிக்கோட்டை வைத்து ஒரு பொருளை அடையாளம் காணும் இந்த வேலையை, மூன்று வயதுக் குழந்தை செய்கிற வேலையை, கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பல நாட்டு ஆட்கள் அறுபது வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் தாம்பரத்தில் நடந்தது. அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதிக்கு விஷயம் கொடுத்த எழுத்து நம் மதுரைச் சுற்றுவட்டார மலைக் குகைகளில் கிடைக்கிற எழுத்து. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் படிப்பது பி.காம். கணினி அறிவியலுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நான் இந்த விஷயத்துக்குள் வந்தது வங்கியியல் பேப்பர் வழியாக. உங்கள் வீட்டில் செக் புத்தகம் இருந்தால் ஒரு தாளை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளைப் பட்டையில் விநோதமான எண்கள் வரிசையாக இருக்கும். சில இடத்தில் குண்டாக, சில இடத்தில் ஒல்லியாக, 1980-களில் வந்த விஞ்ஞானப் படத்தின் டைட்டில் மாதிரி. நடுவில் ஒன்பது இலக்கம் கொண்ட ஒரு எண் வரும். மதுரை வங்கிக் கிளை என்றால் அது 625 என்று ஆரம்பிக்கும், நம் பின்கோடு மாதிரியே. அடுத்த மூன்று இலக்கம் வங்கி, கடைசி மூன்று கிளை. இதற்குப் பெயர் எம்.ஐ.சி.ஆர். காந்த மை எழுத்து வாசிப்பு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 1980-களில் கொண்டுவந்தது.

அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதுதான் சுவாரசியம். 1950-களில் அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்குச் செக் வந்து மலையாய்க் குவிந்தது. கையால் பிரித்து மாளவில்லை. இயந்திரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்திடம் போனார்கள். ஆனால் அன்றைய இயந்திரத்துக்கு 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. 8-ல் இடதுபக்கம் கொஞ்சம் மை அழிந்தால் 3. வங்கிக்கு இது விளையாட்டு விஷயமா? அதனால் இயந்திரத்துக்குப் புத்தி சொல்வதை விட்டுவிட்டு எண்களின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். பத்து இலக்கமும் நான்கு குறியும் சேர்த்துப் பதினாலே பதினாலு வடிவம். ஒவ்வொன்றும் காந்தத் தலையைக் கடக்கும்போது ஒவ்வொரு விதமான அலை எழுப்பும்படி, எங்கே தடிக்க வேண்டும் எங்கே மெலிய வேண்டும் என்று பார்த்துச் செய்தது. இ-13பி என்று அதற்குப் பெயர்.

அதாவது இயந்திரத்தின் அகராதியில் பதினாலு வடிவம்தான் இருக்கிறது, அதற்குத் தகுந்தபடி எண்களே, நீங்கள் உடம்பை வளைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வங்கிக்கு இது சரி. செக்கை அச்சடிப்பவரும் அவரே, வாசிப்பவரும் அவரே. ஆனால் ஏற்கெனவே அச்சாகிவிட்ட புத்தகத்தை என்ன செய்வது? பாறையில் வெட்டி இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்ட எழுத்தைப் போய் "கொஞ்சம் குண்டாக நில்" என்று சொல்ல முடியுமா?

இங்கேதான் தாம்பரம் வருகிறது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் இருக்கிறது. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. 1932-ல் பிறந்து 1988-ல் இறந்தார். இவர் புள்ளியியலோடு நிற்கவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பங்களில் ஆடை, நகை எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். பறவை பார்த்திருக்கிறார். சிந்துவெளி எழுத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். திருக்குறளை அந்தந்தக் காலத்து எழுத்தில் எழுதிப் பார்த்து ஒரு புத்தகமே கொண்டுவந்திருக்கிறார். இவருடைய மனைவி ராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர், கோட்பாட்டுக் கணினியியலில் உலகம் அறிந்த பெயர், 2019-ல் காலமானார். இவர்கள் இருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் எழுதிய ஒரு கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? கோலத்தைப் பற்றி! வாசலில் போடுகிற அதே கோலம். ஒரு சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் வளர்வதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, வாக்கியத்துக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி படத்துக்கும் எழுதலாம் என்று காட்டினார்கள். வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. கோலம் என்ற சொல் அதற்குப் பிறகு கணினியியலில் ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்தால் ராயல்டி கேட்பார்கள் :)

கோலத்தை வரிசை வரிசையான புள்ளிகளாகப் பார்த்துப் பழகிய கண், எழுத்தையும் அப்படித்தான் பார்த்தது. 1978-ல் சிரோமணியும் ஆர். சந்திரசேகரன், எம். சந்திரசேகரன் என்ற இருவரும் சேர்ந்து "பேட்டர்ன் ரெகக்னிஷன்" என்ற ஆய்விதழில் அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி எப்படி அடையாளம் காண்பது என்று எழுதினார்கள். முறை இதுதான், நான் எளிமையாக்கிச் சொல்கிறேன்.

எழுத்தைக் கட்டம் போட்ட தாளில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மை பட்ட கட்டம் கறுப்பு, படாத கட்டம் வெள்ளை. இப்போது மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கணினி போகிறது. "ப" என்ற எழுத்தை எடுங்கள். முதல் வரியில் இடப்பக்கம் கொஞ்சம் கறுப்பு, வலப்பக்கம் கொஞ்சம் கறுப்பு. அடுத்த வரியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கடைசி வரியில் மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நீளக் கறுப்பு. ஆக மேலிருந்து கீழே வந்தால் "இரண்டு துண்டு, பிறகு ஒரு நீளம்". அடுத்து இடமிருந்து வலமாக, நெடுக்குவாட்டில் போனால் "ஒரு நீளம், பிறகு அடியில் ஒரு துண்டு, பிறகு ஒரு நீளம்". "ட"-வுக்கு மேலிருந்து வந்தால் "ஒரு துண்டு, பிறகு ஒரு நீளம்", குறுக்கே போனால் "ஒரு நீளம், பிறகு அடியில் ஒரு துண்டு". இந்த விவரத்தைச் சுருக்கிக் குறியீடாக எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சரம் கிடைக்கும். எல்லா எழுத்தின் சரத்தையும் முன்கூட்டியே ஒரு அகராதியில் போட்டு வைத்துவிடுவது. புது எழுத்து வந்ததும் அதன் சரத்தை எடுத்து அகராதியில் தேடுவது. பொருந்தினால் இதுதான் எழுத்து.

ஒரே குறியீடு அடுத்தடுத்து வந்தால் அதை ஒருமுறை சொன்னால் போதும் என்று வைத்துக்கொண்டால், எழுத்து பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் சரம் மாறாது. எவ்வளவு எளிமை பாருங்கள். இன்றைக்கு ஒரு பள்ளி மாணவனே இதை நிரலாக எழுதிவிடலாம். ஆனால் 1970-களில் நினைவகமும் நேரமும் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. அந்தச் சிக்கனத்தில் யோசித்த மூளை இது.

அந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விவரம். கணினி தமிழ் எழுத்தைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் அதைத் தமிழில் அச்சடிக்காது. ரோமன் எழுத்தில்தான் அச்சடிக்கும். நெடில் என்றும், வல்லினத்திலேயே அழுத்தமானது என்றும் காட்ட எழுத்தின் தலைக்கு மேல் எண் போடும். தமிழ் வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது!

இப்போது ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். அதே 1978-ல், அக்டோபர் மாதம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935-லிருந்து தன் பத்திரிகையில் பயன்படுத்தி வந்த வடிவங்களில் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துக்கள் மாறின. அதற்கு முன் "லை" என்பதற்கு ல-வின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். "னா" என்பதற்குக் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து கீழே மடங்கும். நம் தாத்தா கையெழுத்தில் இன்னும் பார்க்கலாம். அச்சுக் கோப்பவருக்கு இதற்கெல்லாம் தனித்தனி அச்சு வேண்டும், தட்டச்சுக்குத் தனி வசதி வேண்டும். படிக்கிற பிள்ளைக்கும் விதிவிலக்கு. அதனால் மற்ற எழுத்துக்கு உள்ள கால், சங்கிலிக் கொம்பையே இவற்றுக்கும் போட்டுவிட்டார்கள்.

சீர்திருத்தம் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு அதன் வசதி பிடித்திருக்கிறது, அதில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய இயந்திரத்தின் பக்கம் நின்று பாருங்கள். செக் எண்ணுக்கு நடந்ததேதான் இங்கேயும் நடந்தது: எழுத்து வளைந்து கொடுத்தது. இனி வரும் புத்தகத்துக்கு அகராதி சின்னதாகும். ஆனால் 1978-க்கு முன் அச்சான அத்தனை புத்தகமும் பழைய அகராதியில் இருக்கிறது. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தொடங்கிய நான்காம் தமிழ்ச்சங்கத்தின் "செந்தமிழ்" இதழ்களைத் திறந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் தும்பிக்கைதான். புது எழுத்தை மட்டும் கற்ற கணினி அந்த "லை"யைப் பார்த்தால் கை பிசையும்.

இதற்கும் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கால் வாங்கிய "ா"-வும் "ர"-வும் ஒரே வடிவம். எகரம் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்த வீரமாமுனிவர்தான் பிற்பாடு ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் பழக்கத்துக்கு வரக் காரணமானார். பழைய கணக்கேட்டில் எ என்றால் எழுத்தா, ஏழு என்ற எண்ணா? க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, அ என்றால் எட்டு. வடிவம் ஒன்றே. வெளிக்கோட்டை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் விடை வராது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். வாசிப்பது என்பது பாதி கண், பாதி முன்பின் தெரிந்திருப்பது.

சரி, வரி வரியாகப் போவது ஒன்றுதான் வழியா என்றால் இல்லை. 1961-ல் ஹெர்பர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கர் வேறு ஒரு வழி சொன்னார். திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் போயிருப்பீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எந்தத் திசையில் வைக்கிறேன் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே மலையைச் சுற்றி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு என்றால் 0, வடகிழக்கு 1, வடக்கு 2 என்று 7 வரைக்கும் எட்டுத் திசை. ஒரு சுற்று முடிந்ததும் நோட்டில் ஒரு நீண்ட எண் இருக்கும். அந்த எண்தான் மலையின் வெளிக்கோடு. அதை இன்னொருவரிடம் கொடுத்தால் மலையைப் பார்க்காமலே அதன் வடிவத்தை வரைந்துவிடுவார். சங்கிலிக் குறியீடு என்று இதற்குப் பெயர். படத்தை விட மிகக் குறைந்த இடம் போதும். ஒரே குறை, பாறை ஓரத்தில் ஒரு சின்னப் பொக்கை விழுந்தாலும் எண் மாறிவிடும்.

மூன்றாவது வழி, எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பது. 1980-ல் சின்னுசாமி, கிருஷ்ணமூர்த்தி என்ற இரு ஆய்வாளர்கள் அதே "பேட்டர்ன் ரெகக்னிஷன்" இதழில் கையால் எழுதிய தமிழ் எழுத்துக்கு இந்த வழியைக் கையாண்டார்கள். ஒரு எழுத்தில் என்னென்ன கோடு இருக்கிறது, எது எதோடு எங்கே சேர்கிறது என்று ஒரு வலைப்பின்னலாக எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கொம்பு எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கேதானே ஒட்டும்.

அப்புறம் 1983. சிரோமணி குழு பிராமி எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றி ஐ.இ.இ.இ. இதழில் எழுதியது. இதை வாசித்தபோதுதான் எனக்கு மாங்குளம் ஞாபகம் வந்தது.

மேலூர் வட்டாரத்தில், அழகர்மலைக்கு அந்தப் பக்கம், மீனாட்சிபுரம் கிராமத்தை ஒட்டிய மலை. அங்கே குகைகளில் சமண முனிவர்களுக்கு வெட்டிக் கொடுத்த கல் படுக்கைகளும் அவற்றின் மேலே எழுத்தும் இருக்கின்றன. 1882-ல் ராபர்ட் சிவெல் இதைக் கண்டார். பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837-லேயே படித்துவிட்டார். ஆக சிவெல் பார்த்த நாளில் பெரும்பாலான எழுத்தின் வடிவம் உலகத்துக்குத் தெரிந்ததுதான். அப்படியிருந்தும் மாங்குளம் எழுத்து நாற்பது வருஷத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. ஏன்? வடநாட்டுப் பிராகிருதக் கல்வெட்டில் பழகாத சில வடிவங்கள் நடுநடுவே நின்றன. க தெரிகிறது, ம தெரிகிறது, இது என்ன இடையில்? அகராதியில் இல்லை.

1924-ல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இங்கே வர்க்க எழுத்துக்கள் காணோம். அதற்குப் பதிலாக வேறு சில புது வடிவங்கள் இருக்கின்றன. அவை ழ, ற, ன போன்ற தமிழுக்கே உரிய எழுத்துக்கள். அப்படியானால் இது தமிழ்! நெடுஞ்செழியன் என்ற பெயர் மாங்குளத்துப் பாறையில் நிற்பது இப்போது பள்ளிப் பாடத்தில் வருகிற செய்தி. ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. 2-ம் நூற்றாண்டு என்று கணித்தார். அவருடைய பெரிய நூல் 2003-ல் வந்தது. சிந்துவெளி எழுத்துக்கு 1977-ல் கணினி உதவியோடு தொகுதி கொண்டுவந்தவரும் அவர்தான்.

பிராமி வடிவம் கணினிக்கு ஒரு விதத்தில் வரம். க என்றால் கூட்டல் குறி. ர என்றால் நின்ற கோடு. ந என்றால் தலைகீழ் டி. நம் "ஞ", "ஜ" மாதிரி சுற்றி வளைக்கிற வேலை இல்லை. சதுரக் கட்டத்துக்குள் போட்டு வரி வரியாகப் போனால் அழகாகச் சரம் கிடைக்கும். ஆனால் சாபமும் அதிலேயே இருக்கிறது. உயிர்க்குறி என்பது எழுத்தின் தலையிலோ தோளிலோ ஒரு சின்னக் கீற்று. கீற்று வலப்பக்கம் போனால் ஒரு ஒலி, இடப்பக்கம் போனால் வேறு ஒலி. இரண்டாயிரம் வருஷம் மழை வெயில் பட்ட பாறையில் வெடிப்பும் அதே அளவில்தான் இருக்கும். உளி போட்டது எது, வெயில் போட்டது எது? கல்வெட்டு அறிஞர்கள் ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றிப் படி எடுக்கிறார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வரும். அந்தப் படியிலும் வெடிப்பு வெள்ளையாகத்தான் வரும். விரலால் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த விரலைக் கணினிக்கு யாரும் இன்னும் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

பாறை இருக்கும் வரைதான் இந்தப் பேச்சு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலூர், கீழவளவு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கிரானைட்டுக்காக மலையையே துண்டு போட்டு எடுத்த குழிகள் எப்படி இருக்கும் என்று. 2012-ல் அந்த முறைகேடு வெடித்தது. அரிட்டாபட்டியில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் 2024-ல் அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மக்கள் மதுரைக்கு ஊர்வலமாக வந்து நின்ற பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. மலையின் வெளிக்கோடே மாறிவிட்டால் அப்புறம் எழுத்தின் வெளிக்கோட்டைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்.

2025 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. சென்னையில் சிந்துவெளி நூற்றாண்டுக் கருத்தரங்கில் பேராசிரியர் கா. ராஜனும் ஆர். சிவானந்தமும் தயாரித்த ஒரு ஆய்வு வெளியானது. கீழடி உட்படத் தமிழ்நாட்டில் கிடைத்த பானை ஓட்டுக் கீறல்களையும் சிந்துவெளிக் குறிகளையும் வடிவ அடிப்படையில் ஒப்பிட்ட ஆய்வு. நம்மூர்க் கீறல்களில் 90 சதவீதத்துக்கு அருகில் சிந்துவெளிக் குறியோடு ஒத்துப்போகின்றன என்று சொன்னார்கள். நண்பர்கள் பலர் இதை அன்றைக்கே "சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டார்கள்" என்று பரப்பினார்கள். ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. வடிவம் ஒத்திருக்கிறது என்பது வேறு, ஒலி ஒத்திருக்கிறது என்பது வேறு.

எனக்கு இந்த ஒப்பீடு முக்கியம் என்று படுகிறது. ஆயிரக்கணக்கான ஓட்டை வரைந்து, வகை பிரித்து, ஒரே இடத்தில் சேர்த்தது பெரிய வேலை. அகராதி இல்லாமல் ஆராய்ச்சி இல்லை. ஆனால் மீன், ஏணி, முக்கோணம், கூட்டல் குறி மாதிரி எளிய வடிவங்கள் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் தோன்றும். பிராமி "க"-வும் கூட்டல் குறியும் வெளிக்கோட்டில் ஒன்றுதான், அதற்காகப் பிராமி எழுதியவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வோமா? மாங்குளத்தில் பிரின்செப்பின் வடிவம் எல்லாம் கையில் இருந்தும் நாற்பது வருஷம் வாசிக்க முடியவில்லை என்பதை மறக்கக் கூடாது. அங்கே கதவைத் திறந்தது ஒத்துப்போன வடிவங்கள் அல்ல. ஒத்துப்போகாத அந்த நாலைந்து வடிவம்தான். ராஜன் ஆய்விலும் நான் தேடிப் பார்க்க விரும்புவது மீதிப் பத்துச் சதவீதத்தை.

உலகத்தில் இதற்கிடையே வடிவ ஆராய்ச்சி எங்கேயோ போய்விட்டது. 2002-ல் வந்த ஒரு கட்டுரை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். எழுதிய மூவரில் ஒருவர் ஜிதேந்திர மாலிக், வடமதுரையில் பிறந்தவர். திண்டுக்கல் பக்கத்து வடமதுரை இல்லை, கண்ணன் பிறந்த வடமதுரை! வெளிக்கோட்டில் நிறையப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியும் மற்ற புள்ளிகள் தனக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். இரண்டு படத்தின் குறிப்புகளைப் பொருத்திப் பார்த்து, ஒன்றை எவ்வளவு இழுத்து வளைத்தால் மற்றதாகும் என்று கணக்குப் போடுவார்கள். கொஞ்சம் வளைத்தால் போதும் என்றால் இரண்டும் ஒரே பொருள். இங்கே வளைவது எழுத்து இல்லை, கணினி! எனக்கு இந்த வழி மீது தனிப் பிரியம்.

தமிழுக்கு 2006-ல் எச்.பி. நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வகம் கையால் எழுதிய எழுத்துத் தொகுப்பைக் கொடுத்து ஒரு போட்டி வைத்தது. 247 எழுத்தையும் கிரந்த எழுத்தையும் எழுதுவதற்கு 156 வடிவம் போதும் என்று அதில் வகுத்தார்கள். கொம்பு, கால் எல்லாம் தனி வடிவம், அதனால் எண்ணிக்கை குறைகிறது. "பொன்விழி" என்ற தமிழ் எழுத்துணரி மென்பொருளைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2012-க்குப் பிறகு நரம்பு வலையமைப்பு வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. இப்போது யாரும் கணினிக்கு "இரண்டு துண்டு, ஒரு நீளம்" என்று சொல்லித் தருவதில்லை. லட்சக்கணக்கான படத்தைக் காட்டி, நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். நன்றாகவே கண்டுபிடிக்கிறது. எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று 2018-ல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பூனையின் வெளிக்கோட்டுக்குள் யானைத் தோலின் படத்தை நிரப்பிக் காட்டினார்கள். மனிதர்கள் பூனை என்றார்கள். அன்றைய கணினி யானை என்றது. வடிவத்தை விட்டுவிட்டு மேல்தோலைப் பார்த்திருக்கிறது! ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி யானைமலையைக் காட்டியிருந்தால் "பாறை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். வெளிக்கோட்டையும் கவனிக்கும்படி பழக்க முடியும் என்று அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதற்குத் தனியாகப் படம் தயாரித்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

எதைக் காட்டிப் பழக்குகிறோமோ அதுதான் அகராதி. சிரோமணி காலத்தில் அகராதியைக் கையால் எழுதினார்கள், இப்போது அது எங்கேயோ உள்ளே ஒளிந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கிற தமிழ் எல்லாம் 1978-க்குப் பிந்திய எழுத்து. யூனிகோடில் "லை"-க்குப் பழைய வடிவம், புது வடிவம் என்று இரண்டு இடம் கிடையாது. ஒரே குறியீடு, எழுத்துருதான் முகத்தை மாற்றும். ஆகவே பழைய தும்பிக்கையைக் கண்டால் அதைப் புது "லை" என்று எழுது என்று யாராவது உதாரணம் காட்டிச் சொல்லித் தந்தால்தான் அது கற்கும்.

விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் செய்துகொண்டிருப்பது இதன் மறுபக்கம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 2016 வாக்கில் அங்கே ஏற்றப்பட்டன. கூகுள் எழுத்துணரி ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து வைத்துவிட்டது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து, படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, தவறைத் திருத்தி, மெய்ப்பு பார்த்தது என்று குறியிட வேண்டும். கணக்கு ஆரம்பித்தால் யாரும் செய்யலாம், நம் கிளாஸில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அறுபது பேர் இருக்கிறோம். பழைய அச்சுப் பக்கமாகப் பார்த்து எடுங்கள், தும்பிக்கை எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் முதல் இரண்டு பக்கத்திலேயே பழகிவிடுவீர்கள்.